பூ வடிவத் தொங்குவிளக்கு: இதழிடுக்கில் தெரியும் பல்ப் கண்ணைக் கூசச் செய்கிறது

கேள்வி:
வணக்கம். வெண்ணிற பாலிப்ரொப்பிலீன் தாளை வெட்டி, அடுக்குக்கு எட்டு இதழ் வீதம் மூன்று அடுக்குகளில் ஒரு தொங்குவிளக்கைச் செய்திருக்கிறேன். அணைந்திருக்கும்போது விரிந்த பூவாகவே தெரிகிறது. எரியவிட்டதும், நாற்காலியில் அமர்ந்து அண்ணாந்தால் இதழிடுக்கு வழியே பல்ப் நேராகக் கண்ணில் படுகிறது. சுவரிலோ கத்தியால் கீறியதுபோல் நிழல்கோடுகள் விழுகின்றன. பூவின் சாயல் கெடாமல் இதைச் சரிசெய்ய வழியுண்டா?

மறுமொழி 1:
டென்மார்க்கின் போல் ஹென்னிங்சன் 1958-இல் கோபன்ஹேகனின் லாங்கெலினி பெவிலியனுக்காக வடிவமைத்த ஆர்ட்டிசோக் விளக்கின் படங்களை நிதானமாகப் பாருங்கள். அதில் 12 வரிசைகளில் 72 இதழ்கள் உள்ளன. ஒரு வரிசையில் அடுத்தடுத்த இரண்டு இதழ்களுக்கு நடுவே விழும் இடைவெளியை அடுத்த வரிசையின் இதழ் வந்து மறைப்பதால், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒளிமூலம் தெரிவதில்லை. இதழில் பட்டுத் திரும்பும் ஒளியே கண்ணுக்கு வருகிறது. உங்கள் இதழ்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக நேர்வரிசையில் நிற்கின்றன என்று நினைக்கிறேன். எட்டு இதழ்களுக்கு இடையே 45 பாகை இருப்பதால், நடு அடுக்கை மட்டும் 22.5 பாகை திருப்புங்கள். மேல் இதழின் நுனி கீழ் இதழின் தொடக்கத்தைத் தாண்டி இறங்கியிருக்கவும் வேண்டும்.

மறுமொழி 2:
நிழல்கோடுகளுக்குக் காரணம் இதழ் அல்ல, பல்ப் என்பது என் கருத்து. மரத்தடியில் இலையிடுக்கு எவ்வளவு கோணலாக இருந்தாலும், தரையில் விழும் வெயில் பொட்டுகள் பெரும்பாலும் வட்டமாகவே இருக்கின்றன. அவை ஏறக்குறைய அரைப் பாகை அகலமுள்ள சூரியனின் பிம்பங்கள். பகுதிச் சூரியகிரகணத்தின்போது அத்தனை பொட்டுகளும் பிறைகளாக மாறுவதை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். தரையை ஒட்டிய இலையின் நிழல் கூர்மையாகவும், உச்சிக்கிளை இலையின் நிழல் கலங்கலாகவும் இருப்பதும் சூரியனுக்கு அந்த அகலம் இருப்பதால்தான். ஒளிமூலம் அகலமாகவும் இதழுக்கு அருகிலும் இருந்தால் சுவர்நிழல் கரையும். ஆகவே தெளிந்த கண்ணாடி பல்பை எடுத்துவிட்டு, பெரிய பால்நிற உருண்டை பல்பைப் பொருத்துங்கள். சூடு தாளை எட்டாத இடைவெளியை மட்டும் விட்டுவையுங்கள்.

மறுமொழி 3:
புதிதாகச் செய்வதானால், அடுக்குகளை விட்டுவிட்டு ஒவ்வோர் இதழையும் முந்தையதிலிருந்து 137.5 பாகை திருப்பிச் சுருளாகக் கோத்துப் பாருங்கள். சூரியகாந்தியின் விதைகள் ஏறக்குறைய அந்தத் திருப்பத்தில்தான் அமைகின்றன. எந்த இரண்டு இதழும் ஒரே திசையில் நிற்காது என்பதால், இடுக்குகளும் ஒரே கோட்டில் சேருவதில்லை.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நடு அடுக்கைத் திருப்பி, பால்நிற பல்பையும் மாற்றிவிட்டேன். சுவரில் இப்போது மங்கிய இதழ்நிழல்கள் மட்டுமே விழுகின்றன. நேர் கீழிருந்து பார்க்கையில் பல்பின் அடிப்பகுதி இன்னும் தெரிகிறது. கடைசி அடுக்கின் நுனிகளை உள்நோக்கி வளைத்துப் பார்க்கப் போகிறேன்.