நகையைக் கழற்றினால்தான் பரிசுத்தமா?

திராட்சைக்கொடி:
போன மாதம் தங்கைக்குக் கல்யாணம். அம்மா நாலு வருஷத்துக்கு முன்னால் பெந்தெகொஸ்தே சபையில் ஞானஸ்நானம் எடுத்தார்கள். அன்றே கம்மல், செயின் எல்லாம் கழற்றியாகிவிட்டது. காது ஓட்டைகூட இப்போது தூர்ந்துபோய்விட்டது. கல்யாணத்தன்று பெரியம்மா தன் கழுத்துச் செயினைக் கழற்றி, "இன்றைக்கு ஒரு நாள் போட்டுக்கொள்" என்று கெஞ்சினார்கள். அம்மா மாட்டேன் என்றுவிட்டார்கள். மணப்பெண்ணின் அம்மா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்ததைப் பார்த்து நான் அழுதேன். போன ஞாயிறு பாஸ்டர் எபிரெயர் 12:14 எடுத்து, "பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லை, பொன் போடுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்" என்றார். நான் போட்டிருக்கிறேன். பரிசுத்தம் என்பது விசுவாசித்த அன்றே கிடைத்துவிடுகிறதா, இல்லை நாமாக ஏறி அடைய வேண்டியதா?

மேல்வீட்டறை:
ஸ்தோத்திரம் சிஸ்டர். உங்கள் அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்தது அவமானம் இல்லை, சாட்சி. 1 பேதுரு 3:3, 1 தீமோத்தேயு 2:9 இரண்டும் பொன்னைப் பெயர் சொல்லியே பேசுகின்றன. நம் ஊரில் பொன் வெறும் அலங்காரமா? எத்தனை பவுன் போட்டாள் என்பதை வைத்துத்தானே ஒரு பெண்ணை எடை போடுகிறோம். அதை விடுவது விடுதலை. என் அப்பா குடிகாரர். இரட்சிக்கப்பட்ட இரவு பாட்டிலைக் கிணற்றடியில் உடைத்தார். அந்தக் கண்ணாடித் துண்டுகளை நான்தான் பொறுக்கினேன். சாகும்வரை தொடவில்லை. உள்ளே மாறினால் வெளியே தெரியும்.

தரங்கைவாசி:
உங்கள் அப்பாவுக்காகத் தேவனுக்கு நன்றி. ஆனால் சகோதரி கேட்டது வேறு. 1 கொரிந்தியர் 1:2 பாருங்கள். "கிறிஸ்து இயேசுவுக்குள் பரிசுத்தமாக்கப்பட்டவர்கள்" என்று பவுல் எழுதுகிறார். யாருக்கு? ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டவர்களுக்கு. கர்த்தருடைய பந்தியில், அதாவது திருவிருந்தில், ஒருவன் பசியோடிருக்க இன்னொருவன் வெறித்திருந்த சபைக்கு. முதலில் பெயர் கொடுக்கிறார், அப்புறம்தான் திருத்துகிறார். விசுவாசி ஒரே சமயத்தில் நீதிமானும் பாவியும் என்று சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லுத்தர் சொன்னதும் இதைத்தான். இன்னொன்று: நீங்கள் காட்டிய பேதுரு வசனத்தில் பொன்னுக்கு முன்னால் "மயிரைப் பின்னி" என்று இருக்கிறது. உங்கள் சபைச் சகோதரிகள் பின்னல் போடுவதில்லையா?

மேல்வீட்டறை:
பின்னலை வைத்து வசனத்தையே தள்ளிவிட முடியாது. நீங்கள் சொல்வதைக் கேட்டால், பாவி பாவியாகவே இருக்கலாம், பெயர் மட்டும் பரிசுத்தவான் என்று ஆகிறது. ரோமர் 6 அதற்குத்தான் "கூடாதே" என்கிறது. தேவன்பேரில் முழு அன்பு இந்த ஜென்மத்திலேயே சாத்தியம் என்று மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி போதித்தார். நகையைக் கழற்றுவதும் நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. இங்கே பெந்தெகொஸ்தே சபைகள் வருவதற்கு முன்னாலேயே, திருநெல்வேலிச் சீமையில் அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேலோடு ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லப் போன பெண்கள் நகைகளைக் கழற்றினார்கள்.

பனைமரம்:
நான் சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை. அந்தப் பெண்களைப் பற்றி என் பாட்டி மரியாதையோடுதான் பேசுவார்கள். அவர்கள் தங்கள் நகையைக் கழற்றினார்கள். அடுத்தவள் கழுத்தைப் பார்த்துப் பிரசங்கம் பண்ணுவது வேறு. வெஸ்லியையும் முழுசாகச் சொல்லுங்கள். 1766இல் வந்த அவருடைய புத்தகத்திலேயே, பூரண அன்பு உள்ளவனுக்கும் அறியாமையும் தவறும் இருக்கும் என்கிறார். தான் அந்த நிலையை அடைந்துவிட்டதாக அவர் சொல்லிக்கொண்டதும் இல்லை.

லேவியராகமம் 19ஐ ஒரே மூச்சில் படியுங்கள். "நான் பரிசுத்தர், நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்று தொடங்கி என்ன வருகிறது? வயலின் ஓரத்தை எளியவனுக்கு விடு. கூலிக்காரன் கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளாதே. செவிடனை நிந்திக்காதே. தராசு சரியாக இருக்கட்டும். அந்த அதிகாரத்தில் நகை எங்கே?

நம் சபைகளில் தொட யாருக்கும் துணிச்சல் இல்லாதது ஒன்று இருக்கிறது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனே, அடியோடு ஒழிய வேண்டும் என்று எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் எத்தனையோ பேர் சபையை விட்டார்களே தவிர சாதியை விடவில்லை. இன்றைக்கும் வரன் பக்கத்தைப் பாருங்கள். "இரட்சிக்கப்பட்டவர், நகை அணியாதவர்" என்று இருக்கும். அடுத்த வரியில் சாதி இருக்கும். பொன்னைக் கழற்றின கழுத்தில் அது தொங்குகிறது. எங்கள் சி.எஸ்.ஐ. தேர்தல்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

மேல்வீட்டறை:
இரண்டு நாளாகப் பதில் எழுதவில்லை. அந்த வரன் விளம்பரம்... என் தங்கைக்கு நாங்களும் அப்படித்தான் கொடுத்தோம். எழுதிக் கொடுத்தவன் நான். எழுதும்போது கை கூசவில்லை, அதுதான் இப்போது உறுத்துகிறது. இதை ஜெபத்தில் வைக்கிறேன். ஆனால் நகை விஷயத்தில் என் மனம் மாறவில்லை. ஒன்றில் தவறினேன் என்பதற்காக இன்னொன்றை விட முடியாது.

தரங்கைவாசி:
பிரதர், இதை எழுதத் துணிச்சல் வேண்டும். நானும் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். "கிருபை, கிருபை" என்று சொல்லியே எங்களில் பலர் முப்பது வருஷமாக ஒரு கோபத்தைக்கூட விடாமல் இருக்கிறோம். பிலிப்பியர் 2:12 "பிரயாசப்படுங்கள்" என்கிறது, அடுத்த வசனம் செய்கையை உண்டாக்குகிறவர் தேவனே என்கிறது. நான் இரண்டாவதை மட்டும் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

திராட்சைக்கொடி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போது அம்மாவிடமே கேட்டேன், ஏன் கழற்றினீர்கள் என்று. பாஸ்டர் சொல்லவில்லையாம். பாட்டி இறந்தபோது நகைப் பங்கில் சண்டை வந்து, பெரியம்மாவோடு ஏழு வருஷம் பேச்சே இல்லை. எனக்கு அது மறந்தே போயிருந்தது. "அந்தச் செயினைப் போட்டுக்கொண்டு கர்த்தருடைய பந்தியில் கை நீட்ட முடியவில்லை. கழற்றின அன்றைக்குத்தான் உன் பெரியம்மாவுக்குப் போன் பண்ணினேன்" என்றார்கள். செயின் இப்போது பெரியம்மாவிடம் இருக்கிறதாம். கல்யாணத்தன்று அவர்கள் நீட்டியது அதைத்தான்.

பாஸ்டர் எடுத்த வசனத்தைத் திரும்பவும் பார்த்தேன். "யாவரோடும் சமாதானமாயிருக்கவும்" என்றுதான் அது ஆரம்பிக்கிறது. அந்தப் பாதியை அவர் வாசிக்கவில்லை. நான் கழற்றவா என்று அம்மாவைக் கேட்டேன். "அதை என்னிடம் கேட்காதே" என்று பூண்டுத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.