செங்ஹெனித் நினைவுத் தோட்டம்: பெயர்கள் மட்டும் போதுமா?

கேள்வி

வணக்கம். தெற்கு வேல்சில் கேர்ஃபில்லிக்கு அருகிலுள்ள செங்ஹெனித் ஊருக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். 1913 அக்டோபர் 14 அன்று அங்கிருந்த யூனிவர்சல் நிலக்கரிச் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் 439 தொழிலாளர்களும், மீட்புப் பணிக்கு இறங்கிய ஒருவரும் உயிரிழந்தனர். பிரிட்டனின் சுரங்க விபத்துகளில் இதைவிடப் பெரியது வேறில்லை. சரியாக நூறாண்டு கழித்துத் திறக்கப்பட்ட தோட்டத்தில், காயமுற்ற தொழிலாளியை மீட்புப் பணியாளர் தாங்கிப் பிடிக்கும் வெண்கலச் சிலை நிற்கிறது. சுவரில், இறந்தவர்களின் பெயர் பொறித்த ஓடுகள். அவர்களுள் 14 வயதுச் சிறுவர்களும் உண்டு என்பதை அறிந்தே போயிருந்தும், அந்தச் சுவரருகே வெகுநேரம் நின்றுவிட்டேன். ஆனால் சுரங்கம் 1928இலேயே மூடப்பட்டுவிட்டது. இயந்திரமும் கட்டடமும் போன இடத்தில், பெயர்களால் மட்டும் ஒரு தொழிலின் நினைவைக் காக்க முடியுமா?

முதல் மறுமொழி

சுரங்கம் இருந்த நிலத்தில் இப்போது ஒரு தொடக்கப்பள்ளி இருக்கிறது. அதன் முன்னே, தொழிலாளரை ஏற்றி இறக்கிய சக்கரக் கோபுரத்தின் வடிவிலேயே 1981இல் எழுப்பிய நினைவுச்சின்னம் உண்டு. அதையும் பார்த்திருக்கலாம். தொழிலையே உணர வேண்டுமெனில் பிளேனவனிலுள்ள பிக் பிட் சுரங்கத்துக்குச் செல்லுங்கள். 1980இல் மூடப்பட்டு 1983இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட அங்கே, கடிகாரத்தையும் கைபேசியையும் மேலேயே வாங்கி வைத்துக்கொண்டு, தலையில் விளக்குடன் 90 மீட்டர் ஆழத்துக்குக் கூண்டில் இறக்குகிறார்கள். கீழே விளக்கை அணைக்கச் சொல்லும்போது சூழும் இருளை எந்தச் சிலையாலும் காட்ட முடியாது.

இரண்டாம் மறுமொழி

எனக்கு இருளைவிடவும் காரணமே முக்கியமாகப் படுகிறது. அதே சுரங்கத்தில் 1901இல் வெடித்தபோதே 81 பேர் மாண்டனர். சுரங்கத்தில் கசியும் மீத்தேன் வாயு தீப்பிடித்தால் காற்றில் எழும் நிலக்கரித் தூசி அதை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. தீயும் புகையும் பரவாமலிருக்கக் காற்றோட்டத்தை எதிர்த்திசையில் திருப்பும் வசதி வேண்டுமென 1911ஆம் ஆண்டுச் சட்டம் கூறியும், வெடிப்பு நேர்ந்த நாள்வரை அங்கே அந்தப் பணி முடியவில்லை. வழக்கின் முடிவில் மேலாளருக்கு விதித்த அபராதம் 24 பவுண்டு. ஓர் உயிருக்கு ஒரு ஷில்லிங்குக்கு (பவுண்டில் இருபதில் ஒரு பங்கு) சற்றே கூடுதல் என்று அன்றைய செய்தித்தாளே கணக்கிட்டது. நான் நினைவிடம் அமைப்பதாயின், பெயர்களுக்கு அருகிலேயே அந்தத் தொகையையும் பொறித்திருப்பேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அபராதத் தொகை எனக்குப் புதிய செய்தி. தெரிந்திருந்தால் அந்தச் சுவரை வேறு கண்ணோடு பார்த்திருப்பேன். அடுத்த முறை பள்ளியருகேயுள்ள சின்னத்திலிருந்து தொடங்கித் தோட்டத்துக்கு நடக்கிறேன்.