எடை குறைப்பு ஒவ்வொரு தடவையும் ஆறே வாரம், அப்புறம் பழையபடி. என்னதான் செய்வது?

ஷேர் ஆட்டோ:
வயது 34, உயரம் 170, எடை இன்று காலை 81.5. ஐ.டி. வேலை, ராத்திரி பத்தரை வரை அமெரிக்காக்காரர்களோடு போன் கால். ஜனவரியில் மூன்றாவது முறையாக ஜிம்மில் ஒரு வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டினேன். வாரத்தில் ஆறு நாள் போனேன், சோறு, இட்லி, தோசை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முட்டை, பன்னீர், கோழி என்று ஓட்டினேன். ஆறு வாரத்தில் 82-லிருந்து 76. அப்புறம் தங்கைக்கு வளைகாப்பு வந்தது. ஏழு வகைச் சாதத்துக்கு நடுவில் நான் மட்டும் முட்டையை உரித்துக்கொண்டு உட்கார முடியுமா? அன்றைக்கு இலையில் உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று வையுங்கள். ஜிம் பக்கம் போயே மூன்று மாதம் ஆகிறது. புரோட்டீன் பவுடர் வாங்கினால் சரியாகுமா? நீண்ட நாள் தாக்குப்பிடிக்கிற வழி யாருக்காவது தெரியுமா?

பழைய சைக்கிள்:
முதலில் அந்த 6 கிலோவைப் பற்றி. மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு சேமித்து வைத்த சர்க்கரையான கிளைகோஜன் காலியாகும், அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் அந்தத் தண்ணீரும் சேர்ந்து போய்விடும். முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்கியதில் பெரும்பங்கு இதுதான். வளைகாப்புச் சாப்பாட்டுக்கு மறுநாள் இரண்டு கிலோ ஏறியிருந்தால் அதுவும் இதே கணக்குதான், கொழுப்பு ஒரே நாளில் அப்படி ஏறாது. அந்த எண்ணைப் பார்த்து நீங்கள் மனசு விட்டதுதான் நிஜமான சேதம். இனி எடையோடு இடுப்பையும் அளங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் கவலைப்பட வேண்டியது.

இரும்பு மனசு:
கட்டுப்பாடு இல்லை, அவ்வளவுதான். நான் நான்கு வருடமாகச் சோறு தொடவில்லை.

புளிக்குழம்பு:
மேலே பேசியவருக்கு வீட்டில் யார் தனிச்சமையல் செய்து தருகிறார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் புண்ணியமாகப் போகும்.

தம்பி, என் வீட்டுக்காரரும் இப்படித்தான், எனக்கு இரண்டு அடுப்பு, இரண்டு குழம்பு. ஒரு நாள் பொறுக்காமல் சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தேன். நான்கு பேருக்கு அரிசி முக்கால் கிலோ, காலை மாவு அது தனி. பருப்பு? சாம்பாருக்குப் போட்டது 100 கிராம், ஆளுக்கு 25. ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒருவரின் ஒரு நாள் 2000 கலோரிச் சாப்பாட்டுக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பு, பயறு வகை 85 கிராம், பழம் போகக் காய், கீரை மட்டும் 400 கிராம் என்று இருக்கிறது. எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. எங்கள் வீட்டில் காய் என்பது இலை ஓரத்துக் கரண்டிப் பொரியல்.

சோற்றை நிறுத்தவில்லை. சாம்பாரைக் கரண்டி நிற்கிற மாதிரி கெட்டியாக்கினேன், சாயங்காலம் முறுக்கு டப்பா இருந்த இடத்தில் சுண்டல், பொரியலை முதலில் வைத்து அப்புறம்தான் சோறு. ஒரே சமையல், எல்லோருக்கும். பவுடரெல்லாம் வேண்டாம், அதே வழிகாட்டி அதைத் தவிர்க்கத்தான் சொல்கிறது.

மாடிப்படி:
ஆறு நாள் ஜிம் என்பது போன் கால் இல்லாத, கல்யாணம் இல்லாத, மழை பெய்யாத வாரத்துக்குப் போட்ட திட்டம். அப்படி வாரம் வருடத்துக்கு எத்தனை வரும் என்று எண்ணிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் கேட்பதே வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பும், தசைக்கு வலு தரும் பயிற்சி இரண்டு நாளும்தான். நான் செவ்வாய், சனி மட்டும் ஜிம் போகிறேன், மற்ற நாள் ஆபீஸ் கேண்டீனுக்கு ஆறு மாடி ஏறுகிறேன். ஊருக்குப் போனால் 20 தண்டால், 20 பஸ்கி, பத்து நிமிடத்தில் முடிந்தது. கேவலமாகத்தான் தோன்றும். ஆனால் இரண்டு வருடமாக விடாமல் நடக்கிறது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் மட்டும் சாப்பாட்டை மாற்றுமுன் டாக்டரிடம் கேளுங்கள்.

ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்?

ஷேர் ஆட்டோ:
பத்தே முக்கால். பசியில் நாலு தோசை, அதற்கு மேல் டிவி பார்த்துக்கொண்டே மிக்சர். எழுதும்போதே புரிகிறது. போன் கால் தொடங்குமுன் எட்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டு, முடிந்ததும் ஒரு டம்ளர் மோர் குடிக்கலாம் என்று பார்க்கிறேன். ஜிம் வாரத்துக்கு இரண்டு நாள், பணம்தான் கட்டியாயிற்றே. அம்மாவிடம் இனி எனக்குத் தனியாகச் செய்ய வேண்டாம் என்று சொன்னேன். ‘சாமி, இப்பவாவது சொன்னியே’ என்று உடனே அரிசி களையப் போய்விட்டார். பருப்பைக் கூட்டச் சொல்ல மறந்துவிட்டேன், இதோ போகிறேன்.