ஆஞ்சியோகிராம்னா சரியா என்ன அர்த்தம்?

கேள்வி: அப்பாவுக்கு நாளைக்கு ஆஞ்சியோன்னு டாக்டர் சொல்லிட்டார், ஸ்டென்ட் (ரத்தக்குழாய் திறந்தே இருக்க உள்ள வைக்கிற சின்ன வலைக்குழாய்) வைப்பாங்களா இல்ல படம் மட்டும் எடுப்பாங்களான்னு வீட்ல ஒரே குழப்பம். அந்த வார்த்தைக்கு என்னதாங்க அர்த்தம்?

பதில் 1: கிரேக்க வார்த்தைங்க. ஆங்கெயோன்னா பாத்திரம், கலயம் மாதிரி, அதுவே ரத்தக்குழாய்க்கும் பேராயிடுச்சு. கிராம்னா எழுதினது, வரைஞ்சது. ஆக ரத்தக்குழாயோட படம், அவ்வளவுதான். பலூன் விட்டு அடைப்பை விரிச்சு ஸ்டென்ட் வைக்கிறது ஆஞ்சியோபிளாஸ்டி. நம்ம ஆளுங்க ரெண்டையுமே ஆஞ்சியோன்னு சுருக்கிடறாங்க, அங்கதான் குழப்பமே.

பதில் 2: எக்ஸ்ரேல தெரியற சாயத்தை ரத்தக்குழாய்க்குள்ள செலுத்தித்தான் படம் எடுக்கிறாங்க. 1927ல போர்ச்சுகல்ல லிஸ்பன்ல டாக்டர் எகாஸ் மோனிஸ் மூளை ரத்தக்குழாய்களை முதல்ல இப்படி எடுத்தார். இதயத்துக்கு 1958ல, அமெரிக்காவுல கிளீவ்லாந்துல, டாக்டர் மேசன் சோன்ஸ் வேற பரிசோதனை பண்றப்ப கதீட்டர்ங்கிற மெல்லிய குழாய் தவறி, இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோற வலது கரோனரி தமனிக்குள்ள போய் சாயம் பூரா இறங்கிடுச்சு, இதயம் சில நொடி நின்னுபோச்சு, நோயாளியை இருமச் சொல்லித்தான் திரும்பத் துடிக்க வெச்சாராம். எனக்கு இப்ப நினைச்சாலும் சிலிர்க்குது.

பதில் 3: அம்மாவுக்கு மணிக்கட்டு வழியா எடுத்தாங்க, சாயம் போறப்ப உடம்பெல்லாம் குப்புன்னு சூடாச்சுன்னாங்க. கிட்னி பிரச்சனை, அலர்ஜி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க தம்பி.

கேட்டவர்: ரொம்ப நன்றிங்க, அப்பாவுக்குப் படிச்சுக் காட்டிட்டேன்.