மதர்போர்டு விஜிஏ-வில் ‘நோ சிக்னல்’: இரண்டு மானிட்டரும் ஓட என்ன வழி?

குடந்தை கணக்கு:
வணக்கம். அரிசி மண்டிக் கணக்குக்காக ஒரு திரையில் டேலி, இன்னொன்றில் எக்செல் வேண்டும். ஐ5-4570 பிராசசர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10, தனியாக ஒரு 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. புது 22 இஞ்ச் மானிட்டர் கார்டின் எச்டிஎம்ஐ-யில் ஓடுகிறது. பழைய 18.5 இஞ்சில் விஜிஏ என்ற பழைய வகை வீடியோ பாயிண்ட் மட்டும்தான். அதை மதர்போர்டில் சொருகினால் ‘நோ சிக்னல்’. கார்டில் மிச்சம் இருப்பது டிவிஐ என்ற இன்னொரு வகை வீடியோ பாயிண்ட். அதற்கென்று வாங்கிய டிவிஐ-விஜிஏ கனெக்டர் உள்ளே போகவே இல்லை. எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் போட்டால் போதும் என்கிறார்கள். வாங்கலாமா?

ஆரூர் ஹார்டுவேர்:
ஸ்பிளிட்டர் வேண்டாங்க. ஒரே படத்தை இரண்டாகக் காட்டும், அவ்வளவுதான். டேலி ஓடும் இரண்டு திரை கிடைக்கும். எக்செல்லுக்கு இடம் கிடைக்காது.

கனெக்டர் ஏன் ஏறவில்லை என்றால், டிவிஐ-யின் ஒரு ஓரத்தில் தட்டையான துளை ஒன்று இருக்கும். அதைச் சுற்றி நாலு சிறு துளை இருந்தால் டிவிஐ-ஐ, இல்லாவிட்டால் டிவிஐ-டி. விஜிஏ-வுக்கு வேண்டிய அனலாக் சிக்னல் அந்த நாலு துளை வழியாகத்தான் வரும். உங்களுடையது டி. முள்ளை வளைத்து அழுத்தினாலும் படம் வராது.

மதர்போர்டு விஜிஏ செத்துப்போகவில்லை. கார்டு போட்டதும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் செட்டிங் புரோகிராம்) பிராசசருக்குள் இருக்கும் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். ஆன் செய்ததும் டெலீட் விசையைத் தட்டி பயாஸுக்குள் போங்க. அட்வான்ஸ்டு அல்லது சிப்செட் பகுதியில் ‘ஐஜிபியூ மல்டி மானிட்டர்’ என்பதை எனேபிள் செய்து, எஃப்10 அழுத்தி சேவ் செய்யுங்க. போர்டுக்குப் போர்டு பெயர் கொஞ்சம் மாறும்.

மாயவரம் சர்வீஸ்:
ஆரூர் அண்ணன் சொன்னது சரி. ஆனால் டேலிக்கும் எக்செல்லுக்கும் அந்தக் கார்டு எதற்கு? 4570-க்குள்ளேயே எச்டி 4600 என்ற உள் கிராபிக்ஸ் இருக்கிறது. எச்81 சிப்செட் இரண்டு மானிட்டரைத் தனித்தனியாக ஓட்டும், மூன்றாவதுதான் முடியாது. போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ-யும் இருந்தால் கார்டையே கழற்றிவிடுங்க. இரண்டு டிரைவர் சண்டையும் இல்லை, ஒரு விசிறிச் சத்தமும் குறையும்.

ஷட்டவுன் செய்து பவர் வயரை உருவுங்க. பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடியும். பின்பக்கத் திருகைக் கழற்றி, ஸ்லாட் முனையிலுள்ள கிளிப்பை அழுத்திக்கொண்டு கார்டை நேராக மேலே தூக்குங்க. கிளிப்பை மறந்து இழுத்தால் ஸ்லாட் உடையும். பிறகு புதுசு எச்டிஎம்ஐ-யில், பழசு விஜிஏ-வில்.

எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசர் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யாதீங்க. 12400எஃப் மாதிரி; அதில் உள் கிராபிக்ஸே கிடையாது.

குடந்தை கணக்கு:
போர்டில் எச்டிஎம்ஐ இருந்தது, கார்டைக் கழற்றிவிட்டேன். படம் வருகிறது, ஆனால் ஒன்றில் மட்டும், அதுவும் 1024×768-ல். விண்டோஸ்+பி அழுத்தி எக்ஸ்டெண்ட் கொடுத்தும் பலனில்லை.

மாயவரம் சர்வீஸ்:
டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் திறந்து பாருங்க தம்பி. ‘மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்றிருந்தால் இன்டெல் டிரைவர் ஏறவில்லை. எச்டி 4600 டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்க.

குடந்தை கணக்கு:
ஏறிவிட்டது, இரண்டும் வருகிறது! இரண்டு சின்னத் தொல்லை. மவுஸ் வலது ஓரத்தில் முட்டிக்கொள்கிறது. பழைய மானிட்டர் வலப்பக்கம்தான் இருக்கிறது. அதில் எழுத்து மங்கல், மோட்டார் போட்டால் அலை அலையாக ஓடுகிறது.

ஆரூர் ஹார்டுவேர்:
செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே. ஐடென்டிஃபை அழுத்தினால் திரையில் 1, 2 எண் வரும். மேசையில் இருக்கிறபடியே கட்டங்களை இழுத்து வையுங்க. ஒன்று 1080 புள்ளி உயரம், மற்றது 768. மிஞ்சுகிற 312 புள்ளியில் மவுஸ் முட்டத்தான் செய்யும். கீழ் ஓரங்களைச் சமமாக வைத்தால் டாஸ்க்பார் பக்கம் முட்டாது. பழசில் ரெசல்யூஷன் 1366×768 இருக்கணும். பிறகு மானிட்டரிலுள்ள ஆட்டோ பட்டன். விஜிஏ மங்கலுக்குப் பாதி மருந்து அதுதான்.

அலைக்கு முதல் சந்தேகம் எர்த். சிபியு-வும் இரண்டு மானிட்டரும் ஒரே மூன்று முள் எக்ஸ்டென்ஷனில் இருக்கட்டும். பிளக் பாயிண்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்டேஜில் வைத்துப் பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த் இரண்டையும் அளக்கச் சொல்லுங்க, ஏறக்குறைய ஒன்றாக வரணும். நம்ம வண்டல் களிமண் சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். எர்த் குழியும் கூடவே காயும். காய்ந்த மண்ணில் எர்த் பிடிக்காது. குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்க. அப்புறமும் எர்த் பக்கம் குறைவாகவே வந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதா?

குடந்தை கணக்கு:
ஆமாம் அண்ணே, லேசாக.

ஆரூர் ஹார்டுவேர்:
அப்ப மானிட்டர் வேலையை நிறுத்திவிட்டு, முதல்ல எர்த்தைப் பாருங்க.