தங்கப் பதக்கத்தை உரசிப் பார்த்திருக்கிறீர்களா?

அப்பாவின் அறுவை சிகிச்சைக்குப் பணம் புரட்டிக்கொண்டிருந்த வாரம், அம்மாவின் வளையலோடு என் பதக்கத்தையும் பையில் போட்டுக்கொண்டு எங்கள் தெருப் பத்தரிடம் போனேன். பள்ளிக் காலத்தில் 400 மீட்டரில் மாநில அளவில் முதலிடம் வந்து வாங்கியது. கொஞ்சமாவது தங்கம் இருக்கும் என்று உண்மையாகவே நம்பியிருந்தேன். பத்தர் உரைகல்லைக்கூட எடுக்கவில்லை. கையில் தூக்கிப் பார்த்தார், ஓரத்தில் அரத்தால் லேசாக ஒரு இழுப்பு, உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தது. "துத்தநாகம்மா, மேலே வெறும் முலாம். இதை எங்கேயும் கொடுக்காதே, வீட்டுக்குக் கொண்டுபோ" என்றார். வளையலை மட்டும் தராசில் வைத்தார். வழியெல்லாம் அழுதேன்.

அப்புறம் தேடிப் படித்ததில் ஒலிம்பிக்கிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். பாரிஸ் 2024 தங்கப் பதக்கம் 529 கிராம், அதில் தங்கம் 6 கிராம், நம் கணக்கில் முக்கால் பவுன். மீதியில் 505 கிராம் வெள்ளி, நடுவில் ஈஃபில் கோபுரத்தைப் புதுப்பித்தபோது கழற்றி வைத்திருந்த இரும்பு 18 கிராம். முழுக்கத் தங்கமாக இருந்தால் 66 பவுன் வந்திருக்கும், ஆனால் அன்றைய விலையில் அதன் உலோக மதிப்பு ஏறக்குறைய 1,000 டாலர்தான். முழுத் தங்கத்தில் கடைசியாகக் கொடுத்தது 1912இல் ஸ்டாக்ஹோமில், அதுவும் மூன்று பவுன் எடையில் ஒரு சின்ன வட்டு. 1896இல் ஏதென்ஸில் முதலிடத்துக்கே வெள்ளிதான் கொடுத்தார்கள்!

அரம் பட்ட இடம் என் பதக்கத்தில் இன்னும் இருக்கிறது. உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

*

அக்கா, நான் கோப்பை, பதக்கம் விற்கும் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி முலாம் பூசுவார்கள், வியர்வைக் கையோடு பிடித்தால் சீக்கிரம் மங்கும், மெல்லிய துணியில் சுற்றி வையுங்கள். பாரிஸ் வெண்கலமே சில நாளில் நிறம் மாறியதென்று ஸ்கேட்போர்டு வீரர் நைஜா ஹியூஸ்டன் படம் போட்டார். டோக்கியோவில் ஈட்டி எறிதலில் வெள்ளி வாங்கிய போலந்துப் பெண் மரியா ஆந்த்ரேய்ச்சிக், யாரோ ஒரு குழந்தையின் இதய அறுவை சிகிச்சைக்காகப் பதக்கத்தையே ஏலம் விட்டார், எடுத்த நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பதக்கத்தை அவரிடமே விட்டுவிட்டது. நீங்கள் பத்தரிடம் போன கதையைப் படித்ததும் அவர்தான் நினைவுக்கு வந்தார்.

*

எனக்குப் பார்வை கிடையாது. மூன்று பதக்கம் வைத்திருக்கிறேன், ஒரே அளவு, ஒரே எடை, எது தங்கம் எது வெள்ளி என்று ஒவ்வொரு முறையும் தங்கையைக் கேட்க வேண்டும். அதனால் உலோகத்தைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது: ரியோ 2016 பாராலிம்பிக் பதக்கங்களுக்குள் சின்னச் சின்ன எஃகுக் குண்டுகள் வைத்திருந்தார்கள், தங்கத்தில் 28, வெள்ளியில் 20, வெண்கலத்தில் 16. நம் சேலத்து மாரியப்பன் உயரம் தாண்டி வாங்கினாரே, அதுவும் குலுக்கினால் சத்தம் கேட்கும். டோக்கியோவில் ஓரத்திலேயே குழி போட்டிருந்தார்கள், தங்கத்துக்கு ஒன்று, வெள்ளிக்கு இரண்டு, வெண்கலத்துக்கு மூன்று. அக்கா, உங்கள் பதக்கத்திலும் அரம் பட்ட இடம் ஒன்றே ஒன்றுதானே? என் கையில் கொடுத்தால் தங்கம் என்றே சொல்வேன்.