பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்: கொங்குப் பக்க அனுபவங்கள்

பெருந்துறைக்காரன்

என் பெரிய பைக்கை விற்கலாமா, வேண்டாமா என்று மூன்று மாதமாக மனம் ஒரு நிலையில் இல்லை. 650 சிசி, இரண்டு சிலிண்டர், முழு ஃபேரிங் (காற்றைக் கிழிக்க எஞ்சினை மூடியிருக்கும் வெளிக்கூடு), 2021-இல் வாங்கியது. கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எந்தக் கம்பெனி நல்லது என்ற சண்டையில்தான் போய் முடியும். இதுவரை ஓடியிருப்பது 9,000 கிலோமீட்டர். அப்பாவின் பழைய மொபெட் அதே காலத்தில் இதைப் போல் நான்கு மடங்கு ஓடியிருக்கும், அதுவும் தீவன மூட்டையோடு.

எங்கள் வீடு தோட்டத்துக்குள் இருக்கிறது. தார்ச்சாலையிலிருந்து சாளைக்கு அரை கிலோமீட்டர் இட்டேரி, மண் தடம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் டிராக்டர் டயர் அறுத்துப் போட்ட இரண்டு பள்ளம். பள்ளத்துக்குள் விட்டால் வண்டியின் அடிவயிறு மேட்டில் உரசும். மேட்டின் மேல் விட்டால் கால் ஊன்ற இடம் இருக்காது. சென்ற பங்குனியில் பின் டயரில் வேலமுள் ஏறிவிட்டது. விரல் நீளம், நடுப்பட்டையில் நேராக. பஞ்சர் கடைக்காரர் முள்ளைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதே முள் மாட்டு வண்டிச் சக்கரத்தில் ஏறினால் முள்தான் ஒடியும்" என்றார். டயர் விலையை அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பணத்துக்கு இரண்டு வெள்ளாடு வாங்கலாம் என்று இன்றைக்கும் ஒரம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சித்திரை வெயிலில் ஈரோட்டுக்குள் போவதை விட்டே இரண்டு ஆண்டு ஆகிறது. சிக்னலில் நின்ற அரை நிமிடத்தில் ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்கும். அடுத்த நொடி சூடு முழுவதும் தொடைக்கு வந்துவிடும். ஜீன்ஸைக் கழற்றிப் பார்த்தால் தோல் சிவந்திருக்கும்.

பிறகு ஏன் விற்கவில்லை? ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சத்தியமங்கலம் தாண்டி, பண்ணாரி சோதனைச் சாவடியில் ஆறு மணிக்குத் தடுப்பைத் திறக்கும்வரை காத்திருந்து, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பாருங்கள். இரண்டாம் கியரில் வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டி நிமிர்ந்துகொண்டே இழுக்கும் ஓர் இழுப்பு இருக்கிறதே, அதற்காகத்தான் மீதி ஆறு நாளும் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஞாயிறும் இப்போது மாதத்துக்கு ஒன்றாகிவிட்டது. மற்றவர்களுக்கு எப்படி?

லேத் பட்டறை, கணபதி

தம்பி, நீங்கள் கேட்டதற்கு நேரான பதில்: விற்றுவிடுங்கள்.

என்னிடம் இருப்பது யமஹா ஆர்எக்ஸ் 100. 98 சிசி, 11 குதிரைத் திறன், எடை நூறு கிலோவை ஒட்டி. அந்த வண்டி 1985-இல் வந்து 1996-இல் நின்றது. இன்றைக்கும் கார்புரேட்டரைப் பிரித்து, ஜெட்டை ஊதி, அரை மணி நேரத்தில் மாட்டிவிடுவேன். உங்கள் வண்டியில் ஃபேரிங்கைக் கழற்றவே அரை நாள் ஆகும். அதற்குப் பிறகும் ஒரு மின்னணுப் பெட்டி சம்மதித்தால்தான் எதையும் தொட முடியும்.

ஆயிரம் சிசி வண்டி முதல் கியரிலேயே 130-ஐத் தாண்டிவிடும். நான்குவழிச் சாலையில் இரு சக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்ச வேகம் 80. ஆக, சட்டப்படி ஓட்டினால் மீதி ஐந்து கியரும் அலங்காரம். இதற்குத்தான் 350 சிசிக்கு மேல் 31 சதவீதமாக இருந்த வரியை 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம் ஆக்கியிருக்கிறார்கள். கொடுப்பதற்கு ஆள் இருக்கிறது, வாங்கிக்கொள்கிறார்கள்.

எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள் பைத்தியத்துக்கு மூத்தவர் ஜி.டி. நாயுடு. ஒரு வெள்ளைக்கார அதிகாரி வைத்திருந்த ரட்ஜ் வண்டியைப் பார்த்துவிட்டு, கோவையில் ஓட்டல் ஒன்றில் பரிமாறுகிற வேலை செய்து காசு சேர்த்து 300 ரூபாய்க்கு அதை வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? திருகு திருகாகப் பிரித்துத் திரும்பவும் மாட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ் விட்டவரின் தொடக்கம் அந்த வண்டி. இப்போது அவிநாசி சாலையில் அவர் பெயரில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் இருக்கிறது. நடு இரவில் அங்கே சைலன்சரை அலறவிட்டுப் போகிறவர்களில் எத்தனை பேர் தங்கள் வண்டியின் செயினைத் தாங்களே துடைத்திருப்பார்கள்?

ஆடிக்காற்று, உடுமலை

லேத் அண்ணன் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிற எல்லோரும் சொல்வது.

நான் சொல்ல வந்தது காற்றைப் பற்றி. உடுமலையிலிருந்து தாராபுரம் போகும் பக்கமெல்லாம் ஏன் இத்தனை காற்றாலை நிற்கிறது? பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பிதுங்கிக்கொண்டு வருகிறது. ஆடியில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, முழு ஃபேரிங் வண்டி ஒதுங்கும். ஃபேரிங் முன்காற்றைக் கிழிப்பதற்காகச் செய்தது. பக்கத்திலிருந்து வருகிற காற்றுக்கு அது பாய்மரம்.

இரண்டு ஆண்டுக்கு முன் ஆடி மாதம், மாலை நான்கு மணி இருக்கும். 90-இல் போய்க்கொண்டிருந்தேன். ஒரு தென்னந்தோப்பு முடியும்வரை காற்றே இல்லை. தோப்பு முடிந்த இடத்தில் யாரோ தோளில் கை வைத்துத் தள்ளியது போல் வண்டி நடுக்கோட்டுக்குப் போய்விட்டது. எதிரே தேங்காய் மட்டை ஏற்றிய லாரி. பயத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தேன், அதுதான் தவறு. கையை இறுக்கினால் உடம்பு ஆடுகிற ஆட்டமெல்லாம் நேராக முன் சக்கரத்துக்குப் போகிறது. லாரிக்காரர் மண்ணில் இறக்கி வழிவிட்டார். அவர் முகம்கூடத் தெரியாது.

பிறகு கற்றுக்கொண்டது: முட்டியால் டேங்கை அணைத்துப் பிடிக்க வேண்டும், முழங்கை தளர்வாக இருக்க வேண்டும், காற்று வருகிற பக்கத்துக் கைப்பிடியை மெல்ல முன்னே தள்ள வேண்டும். வண்டி அந்தப் பக்கம் சாயும். சாய்ந்தபடியே நேராகப் போகும். எல்லாவற்றையும்விட, தோப்பு முடிகிற இடம், பாலம் தொடங்குகிற இடம், பஸ்ஸைக் கடந்து வெளியே வருகிற இடம் மூன்றிலும் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டும். வண்டி விற்பவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். அவருக்குக் காற்று அடிப்பது கடைக்குள் இருக்கிற விசிறியில்.

அம்மணி, திருப்பூர்

என்னிடம் 373 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி. பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். சொந்தச் சம்பளத்தில் தவணை கட்டி முடித்தாயிற்று. செயினை நானேதான் துடைக்கிறேன், லேத் அண்ணன் கவனிக்க. எங்கள் ஊரில் பனியன் வேஸ்ட்டுக்குப் பஞ்சமே இல்லை. கிலோக்கணக்கில் வாங்கி வைத்து, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு செயின் எண்ணெய் விடுவேன். வெள்ளைத் துணி மூன்று முறை கறுப்பாக வேண்டும். நான்காவது துணி சாம்பல் நிறத்தில் வந்தால் வேலை முடிந்தது.

என் உயரத்துக்கு இருக்கையில் உட்கார்ந்தால் இரண்டு காலும் முழுதாக ஊன்றாது. ஒரு பக்கம் நகர்ந்து இடது காலை மட்டும் ஊன்றுவேன். பல்லடம் சாலையில் ஒரு முறை ஊன்றிய இடத்தில் மணல். வண்டி மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தது. அதை நிறுத்த முடியாது என்று தெரிந்த அந்த இரண்டு நொடி போன்ற அவமானம் வேறு கிடையாது. டீக்கடையிலிருந்து ஏழு பேர் ஓடி வந்தார்கள். தூக்கி நிறுத்திவிட்டு ஒருவர் கேட்ட முதல் கேள்வி: "வண்டி அண்ணனுடையதா கண்ணு?"

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அம்மா வண்டியைத் தறிக்குடோனுக்குள் தள்ளி, மேலே பாவு நூல் சாக்கைப் போட்டு மூடிவிட்டார். வந்த மாமனார் கை கழுவப் பின்பக்கம் போனவர் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டார். திரும்பி வந்து, "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" என்றார். 25 என்றேன். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. ஆனால் காரணம் வண்டி இல்லை. ஜாதகம் என்று சொன்னார்கள்.

ரிக் வண்டி, திருச்செங்கோடு

எங்களுக்கு போர்வெல் தொழில். ஆண்டில் எட்டு மாதம் வெளிமாநிலத்தில். வீட்டில் இருக்கிற நான்கு மாதத்துக்கு ஒரு சுசுகி ஹயபுசா பைக். 1,340 சிசி, 260 கிலோவுக்கு மேல். பெங்களூரில் இரண்டாம் கையாக வாங்கினேன்.

இரண்டாம் கை வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பக்கத்து மாநிலப் பதிவெண் வண்டி விலை குறைவாகத் தெரியும். ஆனால் 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குப் படிவம் 28 போட்டு அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். இங்கே ஆயுள் வரி புதிதாகக் கட்ட வேண்டும். எனக்கு விற்ற தரகர் கடன் முடிந்த சான்றையே தரவில்லை. பதினொரு மாதம் அலைந்தேன். மூன்றாம் நபர் காப்பீட்டின் அடிப்படைத் தொகை 350 சிசிக்கு மேல் 2,804 ரூபாய்தான், அது பெரிதில்லை. முழுக் காப்பீட்டுக்குத் தொகையைக் கேட்டபோதுதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

ஓட்டுவது? போன ஆண்டு ஆறு முறை. கொல்லிமலைக்கு ஒரே ஒரு முறை கொண்டுபோனேன். 70 கொண்டை ஊசி வளைவு. முப்பதாவது வளைவில் கிளட்ச் பிடிக்கிற விரல்கள் மரத்துவிட்டன. நாற்பதில் ஓரமாக நிறுத்தி உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்திருக்கும்போது மூன்று பேர் ஏறிய ஒரு மொபெட் பலாப்பழத்தோடு என்னைத் தாண்டிப் போனது. அதில் பின்னால் இருந்த ஆயா என்னைப் பார்த்துச் சிரித்ததை மறக்க முடியவில்லை.

எலும்பு வார்டு

நான் வண்டி ஓட்டுவதில்லை. தம்பி ஓட்டுகிறான், அதனால் இதைப் படிக்கிறேன். செவிலியர் வேலை. ஹெல்மெட் எல்லோரும் போடுகிறார்கள், மகிழ்ச்சி. கையுறையும் கணுக்காலை மூடும் பூட்ஸும் போட்டு வருகிறவரைப் பார்ப்பது அரிது. விழுகிறவர் முதலில் கையைத்தான் ஊன்றுகிறார். உள்ளங்கைத் தோல் இல்லாமல் இரண்டு மாதம் சாப்பிடுவது, கழுவுவது எல்லாம் எப்படி என்று நேரில் பார்த்தால் கையுறை இல்லாமலோ செருப்புப் போட்டோ யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். அவ்வளவுதான்.

செட்டிபாளையம் ஞாயிறு

இத்தனை பேர் எழுதியும் ஒருவரும் கரி மோட்டார் ஸ்பீட்வேயைச் சொல்லவில்லையே! கோவையிலிருந்து அரை மணி நேரம். சுமார் 2.1 கிலோமீட்டர் பந்தய ஓடுபாதை. 1995-இல் விமான விபத்தில் மறைந்த எஸ். கரிவர்தன் பெயரில் இருப்பது. ஃபார்முலா மாருதி பந்தயக் காரை வடிவமைத்தவர், நம் கோவைக்காரர்.

என்னிடம் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310. 312 சிசி. சாலையில் ஏழு மாதம் ஓட்டி, எனக்கு நன்றாக ஓட்டத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அங்கே பயிற்சி நாளில் முதல் அரை மணி நேரத்தில் அந்த நம்பிக்கை போய்விட்டது. வளைவுக்குள் போகும்போது என் பார்வை முன்சக்கரத்துக்குப் பத்தடி முன்னால் கிடந்தது. பயிற்றுநர் கொடுத்த கட்டளை ஒன்றே ஒன்று: "தாடையைத் திருப்புங்கள்." வளைவு முடிகிற இடத்தை நோக்கித் தாடையைத் திருப்பினால் தோள் திரும்புகிறது, தோள் திரும்பினால் வண்டி சாய்கிறது. கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். வெள்ளக்கோயில் சாலையில் ஒரு முறை ஆட்டைப் பார்த்துக்கொண்டே போய் ஆட்டின் மீதே மோதப் பார்த்தது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. ஓடுபாதையில் அந்த 28 மீட்டரில் ஆடு கிடையாது, எதிரே லாரி கிடையாது, காயப்போட்ட சோளத்தட்டு கிடையாது. 150 சிசி வைத்திருக்கிற பையன் ஒருவன் 650-ஐ உள்பக்கமாகத் தாண்டிப் போவதையும் அங்கே பார்க்கலாம். பெருந்துறைக்காரரே, விற்பதற்கு முன் ஒரு நாள் வாருங்கள்.

பெருந்துறைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. பழைய முகப்புப் படத்தில் செருப்போடு உட்கார்ந்திருந்தேன். வார்டு அக்கா கண்ணில் படுவதற்குள் மாற்றிவிட்டேன். லேத் அண்ணா, நேற்று செயினைத் துடைத்தேன். எனக்கு ஆறு துணி தேவைப்பட்டது. விற்பதை ஆடி முடியும்வரை தள்ளிப் போட்டிருக்கிறேன். காற்றில் எவனும் விலை கேட்க வர மாட்டான் என்பதும் ஒரு காரணம்.

செட்டிபாளையத்துக்கு வருகிறேன். முன்விளக்கில் டேப் ஒட்ட வேண்டும் என்கிறார்களே, எந்த டேப்?

செட்டிபாளையம் ஞாயிறு

பெயின்டர்கள் பயன்படுத்துகிற மாஸ்கிங் டேப் போதும். விளக்கு, இண்டிகேட்டர் எல்லாவற்றிலும் ஒட்டுங்கள். உடைந்தால் கண்ணாடிச் சில் பாதையில் சிதறக் கூடாது. பக்கக் கண்ணாடியைக் கழற்ற ஸ்பேனர் எடுத்து வாருங்கள். பெட்ரோலை வருகிற வழியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பின் டயரில் முள் ஏறியதாகச் சொன்னீர்களே, அதில் ஓட்டையை அடைக்கும் ரப்பர் பிளக் போட்டிருந்தால் ஓடுபாதைக்குக் கொண்டுவர வேண்டாம். முதலில் டயரை மாற்றுங்கள். அப்பாவிடம் விலையைச் சொல்ல வேண்டாம்.